சஹ்யாத்ரி மழைக்கு ஷூ வாங்குதல்: அடியும் லேஸும்

மும்பையின் திலக் நகர் நிலையத்தில் ஹார்பர் லைன் வண்டி ஏறினால் அடுத்த நிலையமே குர்லா. அங்கே மெயின் லைனுக்கு மாறிவிட்டால் ஒரு வண்டி கசாராவுக்குப் போகிறது, இன்னொன்று கர்ஜத்துக்கு. மழைக்கால சனிக்கிழமை இரவுகளில் இந்த இரண்டு தடத்திலும் முதுகுப்பையோடு ஏறுகிறவர்கள் ஏராளம். கசாராவில் இறங்கி ஜீப் பிடித்துப் பாரி கிராமத்துக்குப் போனால் கல்சுபாய், 1,646 மீட்டர் உயரம், மகாராஷ்டிரத்தின் ஆக உயர்ந்த சிகரம். நேரளில் இறங்குகிறவர்கள் பேப் கோட்டைக்குப் போகிறார்கள். லோணாவளாவிலிருந்து ராஜ்மாச்சி. அங்கிருந்து புனே லோக்கலில் மளவ்லி வரை போனால் லோஹகட். 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த 12 மராட்டியக் கோட்டைகளில் லோஹகடும் ஒன்று. அந்தப் பன்னிரண்டில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது நம் செஞ்சி மட்டும்தான்.

இந்த வண்டிகளில் ஏறுகிறவர்களின் காலைப் பார்த்தால் பாதிப் பேர் ஜிம்முக்கோ ஆபீசுக்கோ போட்டுப்போகும் ஷூவில்தான் இருப்பார்கள். ஏறும்வரை அதில் குறை தெரியாது. மதியம் சாப்பிட்டுவிட்டு, நனைந்த உடம்போடு, களைத்த தொடையோடு இறங்கத் தொடங்கும்போதுதான் வழுக்கல் ஆரம்பிக்கிறது. மகாராஷ்டிரத்து மேற்குத் தொடர்ச்சி மலையான சஹ்யாத்ரியின் கல் பெரும்பாலும் கருப்பு பசால்ட், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு படிந்து இறுகியது. கோடையில் அதில் எந்த ஷூவும் பிடிக்கும். ஜூலையில் அதன்மேல் பாசி படர்ந்துவிடும், படிகளில் தண்ணீர் ஓடும், இடையிடையே சேறும் புல்லும் வரும். கல்சுபாயில் இரும்பு ஏணிகள் வேறு. அங்கே ஷூ இரண்டு வேலை செய்தாக வேண்டும்: அடிப்பாகம் கல்லைப் பிடிக்க வேண்டும், மேற்பாகம் காலைப் பிடிக்க வேண்டும். முதலாவதைப் பற்றிக் கடைக்காரர்கள் நிறையப் பேசுவார்கள். இரண்டாவதைச் செய்வது லேஸ். அதைப் பற்றிப் பேச்சே வராது என்பதால் இந்த அத்தியாயத்தில் அதற்குத்தான் கூடுதல் இடம்.

முதலில் அடிப்பாகம். ரப்பர் மென்மையாக இருந்தால் ஈரக்கல்லில் பிடிக்கும், சீக்கிரம் தேயும். கெட்டியாக இருந்தால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும், ஈரக்கல்லில் வழுக்கும். இரண்டையும் முழுசாகத் தரும் ரப்பர் கிடையாது. மும்பைக்காரர் மழையில் ஏறப்போவதால் மென்மையின் பக்கம் சாய்வதே நல்லது. கடையில் கட்டைவிரல் நகத்தால் சோலின் ஓரத்தை அழுத்தினால் ஓரளவு பதிய வேண்டும். பிளாஸ்டிக் போல வழுவழுப்பாக எதிர்த்தால் வேறு ஜோடி பார்க்கலாம். அடியில் இருக்கும் கட்டைகள் நாலைந்து மில்லிமீட்டர் ஆழம் இருக்கட்டும், ஒன்றுக்கொன்று இடைவெளியும் இருக்கட்டும். நெருக்கமாக இருந்தால் செம்மண் சேறு அடைத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் சோல் தட்டையாகிவிடும்.

மலைக்கென்று கட்டை வைத்த ரப்பர் சோல் வந்த கதை துயரமானது. 1935இல் இத்தாலிய ஆல்ப்ஸில் பூண்டா ராசிகா சிகரத்துக்குப் போன குழு ஒன்று மோசமான வானிலையில் சிக்கியது. விட்டாலே பிராமானி என்ற மலையேறியின் தோழர்கள் ஆறு பேர் இறந்தார்கள். அந்தக் காலத்துக் காலணிகள் பனிக்கும் கல்லுக்கும் ஒருசேரப் பொருந்தாததும் அதற்கு ஒரு காரணம் என்று கண்ட பிராமானி, பிரெல்லி டயர் நிறுவனத்தின் உதவியோடு 1937இல் ஆழமான கட்டைகள் கொண்ட ரப்பர் சோலைக் கொண்டுவந்தார். அவர் பெயரிலிருந்து உருவான வைப்ரம் சோலைத்தான் 1954இல் கே2 சிகரத்தை முதன்முதலில் தொட்ட இத்தாலியக் குழுவும் அணிந்திருந்தது. இன்று பல நிறுவனங்களின் ஷூக்களில் அந்த மஞ்சள் எண்கோண முத்திரையைப் பார்க்கலாம். ஆனால் முத்திரையைப் பார்த்து மட்டும் வாங்கிவிடக் கூடாது. அதிலும் கெட்டி ரப்பர், மென் ரப்பர் என்று பல வகை உண்டு. மகாராஷ்டிரத்து மலையேறிகள் பல ஆண்டுகளாக நம்பிப் போட்டுவந்த ஆக்‌ஷன் ட்ரெக்கிங் ஷூ விலை குறைந்த உள்நாட்டுச் சரக்கு. ஈரக்கல்லில் அதன் பிடிப்புக்காகவே அது பெயர் வாங்கியது.

அடுத்து, தண்ணீர் புகாத ஷூ. விலைச்சீட்டில் சில ஆயிரம் ரூபாயைக் கூட்டும் இந்த வசதி சஹ்யாத்ரி மழையில் பெரும்பாலும் வீண். உள்ளே ஒட்டியிருக்கும் சவ்வு வெளியிலிருந்து வரும் நீரைத் தடுக்கும், சரி. ஆனால் நான்கு மாத மழையில், முழங்கால் வரை ஓடும் ஓடையில், நீர் கணுக்காலுக்கு மேலிருந்து உள்ளே இறங்கும். இறங்கியது வெளியேற வழியில்லாமல் அங்கேயே நிற்கும். சாதாரண வலைத்துணி ஷூவில் ஓடையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தாலே பெரும்பகுதி நீர் பிழிந்து வெளியே போய்விடும். சவ்வு வைத்தது மறுநாளும் காயாது. இமயத்தில் பனிமேல் நடக்கப் போகிறவருக்கு இதே சவ்வு அவசியம். ஒரே ஷூவில் இரண்டு ஊரையும் சமாளிக்க நினைப்பதுதான் பணத்தைக் கரைக்கிறது.

இனி அளவு. சென்னை அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாட்டின் 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாணத்தில் அளந்தது. ஐரோப்பியர், அமெரிக்கர் பாதங்களைவிட இந்தியப் பாதங்கள் பொதுவாக அகலமானவை என்பது அதில் தெரிந்தது. நாம் போடுவதோ பிரிட்டிஷ் அளவுமுறை, நீளத்தை வைத்துப் போடப்பட்டது. ஆகவே அகலம் போதாதவர் ஒரு எண் பெரிதாக வாங்கிவிடுகிறார். சமதளத்தில் சௌகரியமாகத்தான் இருக்கும். இறக்கத்தில் பாதம் முன்னால் சறுக்கிப் பெருவிரல் ஷூவின் முனையில் மோதும். ஒரு நாள் இறக்கத்திலேயே நகம் கறுத்துவிடும். லேஸை எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் இந்தப் பிழை தீராது. மேல்பாதம் மரத்துப்போகும், விரல் மோதுவது மட்டும் நிற்காது. எண்ணை ஏற்றாமல், அகலப் பாதத்துக்கென்று செய்த வார்ப்பு எந்த நிறுவனத்தில் இருக்கிறது என்று தேடிப் போட்டுப் பார்ப்பதே வழி. உள்ளே இருக்கும் இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் வைத்து அதன்மேல் நின்றால் போதும். பாதம் ஓரங்களில் வழிந்தால் அந்த ஷூ அவருக்கு இல்லை.

கடைக்கு மாலையில் போவது நல்லது. நாள் முழுக்க நடந்தும் நின்றும் பாதம் சற்றுப் பருத்திருக்கும், மலையில் சில மணி நேரத்துக்குப் பின் இருப்பதுபோல. மலைக்குப் போடப்போகும் அதே சாக்ஸையும் கொண்டுபோக வேண்டும். லேஸ் கட்டுவதற்கு முன் பாதத்தை முன்னால் தள்ளி நின்றால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய இடம் வேண்டும். கட்டிய பிறகு படியிலோ சாய்வுப் பலகையிலோ இறங்கிப் பார்க்க வேண்டும். விரல் முனையில் படக் கூடாது, குதிகால் உள்ளே எழும்பக் கூடாது. சாய்வுப் பலகை இல்லாத கடையில் மாடிப்படி இருக்கும். இரண்டு கால்களும் அளவில் சமமாக இருப்பது அபூர்வம், பெரிய காலுக்குத்தான் வாங்க வேண்டும். வாங்கியபின் வீட்டுக்குள் மட்டும் ஒன்றிரண்டு நாள் போட்டு நடந்து பார்த்தால், மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் குறை தெரிந்துவிடும்.

இப்போது லேஸ்.

ஒரு மலையேற்ற ஷூவின் முகத்தைக் கவனித்தால் அதில் மூன்று பகுதிகள் தெரியும். விரல்களுக்கு அருகே துளைகளோ துணி வளையங்களோ இருக்கும். அங்கே லேஸ் எளிதாக ஓடும். பாதம் மடங்கும் இடத்தில் நல்ல ஷூக்களில் ஒரு ஜோடி இறுக்கமான கொக்கி இருக்கும், லேஸைக் கவ்வி நிறுத்தும். அதற்கு மேலே கணுக்காலைச் சுற்றித் திறந்த கொக்கிகள். இந்த அமைப்பின் பயன் என்னவென்றால் விரல்பகுதியைத் தளர்வாகவும் கணுக்கால் பகுதியை இறுக்கமாகவும் தனித்தனியே வைக்கலாம். ஏற்றத்தில் கணுக்கால் மடங்க வேண்டும், மேலே கொஞ்சம் தளர்த்தலாம். இறக்கத்தில் குதிகால் பின்னால் ஒட்டி உட்கார வேண்டும், அங்கே இறுக்கியாக வேண்டும். உச்சியில் உட்கார்ந்து பொரி தின்னும் நேரத்திலேயே லேஸை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டு இறங்குகிறவர்களின் நகம் பிழைக்கும். இந்த ஒரு பழக்கம் பல ஆயிரம் ரூபாய் ஷூவைவிட உபயோகமானது.

கவ்வும் கொக்கி இல்லாத ஷூவிலும் இதைச் செய்யலாம். பாதம் மடங்கும் இடத்தில் இரண்டு நுனிகளையும் ஒருமுறை சுற்றுவதற்குப் பதில் இரண்டுமுறை சுற்றி இழுத்தால் உராய்வு அந்த இடத்திலேயே லேஸை நிறுத்திவிடும். அறுவை மருத்துவர்கள் தையலில் போடும் முடிச்சு இதே வகைதான். மேலே கடைசியாக இருக்கும் கூடுதல் துளைக்கும் வேலை உண்டு. அந்தந்தப் பக்க லேஸை அதே பக்கத்துக் கடைசித் துளையில் விட்டு ஒரு சிறு வளையம் உண்டாக்கி, எதிர்ப்பக்க நுனியை அந்த வளையத்துக்குள் கொடுத்து இழுத்தால் குதிகால் பூட்டிக்கொள்ளும். மேல்பாதத்தில் எலும்பு புடைத்து வலிக்கிறவர் அந்த இடத்தில் மட்டும் குறுக்கே போடாமல் நேராக மேலே ஏற்றிவிடலாம்.

துளைகளில் லேஸைக் கோர்ப்பதற்கு எண்ணற்ற வழிகள் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகக் கணித அறிஞர் புர்கார்ட் போல்ஸ்டர் 2002இல் நேச்சர் இதழில் இதைக் கணக்கிட்டே காட்டினார். மிக வலுவாக இழுத்துப் பிடிப்பவை வழக்கமான குறுக்குக் கோர்ப்பும் நேர்க் கோர்ப்பும்தான். தலைமுறை தலைமுறையாக மக்கள் கைப்பழக்கத்தில் கண்டுபிடித்ததைக் கணிதம் ஒப்புக்கொண்டது.

முடிச்சு ஏன் நடக்க நடக்க அவிழ்கிறது என்பதற்கு 2017இல் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் அதிவேகக் கேமராவில் படம்பிடித்து விடை சொன்னார்கள். ஓடும்போது பாதம் தரையில் விழும் வேகத்தில் முடிச்சின்மேல் புவியீர்ப்பைப் போல ஏழு மடங்கு விசை விழுகிறது. அந்த அதிர்ச்சியில் முடிச்சு நெகிழ்கிறது. அதே சமயம் கால் முன்னும் பின்னும் ஆடுவதால் லேஸின் தொங்கும் நுனிகள் சவுக்குப்போல் விசிறி முடிச்சை வெளியே இழுக்கின்றன. நெகிழத் தொடங்கிவிட்டால் ஒருசில அடிகளுக்குள் முழுதும் அவிழ்ந்துவிடும். கட்டும் விதத்தைப் பொறுத்து இது வேகமாகவோ மெதுவாகவோ நடக்கும். பலரும் சிறுவயதில் தவறாகக் கற்ற முடிச்சையே வாழ்நாள் முழுக்கப் போடுகிறார்கள். கட்டியபின் பூமுடிச்சின் இரண்டு காதுகளும் ஷூவின் குறுக்கே, இடமும் வலமுமாகக் கிடந்தால் முடிச்சு சரி. ஷூவின் நீளவாட்டில், ஒன்று விரலை நோக்கியும் மற்றது கணுக்காலை நோக்கியும் திரும்பினால் அது பலவீனமானது. முதல் சுற்றில் எந்த நுனி மேலே போகிறதோ அதை மட்டும் மாற்றிப் போட்டால் திருந்திவிடும். தொங்கும் நுனிகளை மேல் கொக்கிக்குள் செருகிவிட்டால் விசிறுவதும் நிற்கும், புதரில் மாட்டுவதும் நிற்கும்.

லேஸின் இழையும் முக்கியம். உருண்டையான வழவழப்பு லேஸ் நீண்ட நாள் உழைக்கும், ஆனால் நழுவும். தட்டையானது முடிச்சைப் பிடித்துக்கொள்ளும், கொக்கியில் உராய்ந்து சீக்கிரம் பிசிறும். பருத்தி மழைக்கு ஆகாது, நனைந்தால் ஊதி முடிச்சை அவிழ்க்கவே விடாது. ஏழெட்டு ஜோடித் துளை உள்ள உயரமான ஷூவுக்கு 150 முதல் 180 செ.மீ. நீளம் பிடிக்கும். அந்த நீளத்தில் உபரியாக ஒன்று முதுகுப்பையின் மூடிப் பையில் எப்போதும் இருக்கட்டும்.

சாதாரண லேஸுக்கு மாற்றாக இரண்டு முறைகள் கடைகளில் கிடைக்கின்றன. ஒன்று, மெல்லிய வலுவான இழையை ஒரே இழுப்பில் இறுக்கி ஒரு பிளாஸ்டிக் பூட்டால் நிறுத்துவது. சாலமன் நிறுவனத்தின் ஷூக்களில் பிரபலமானது. போடுவதும் கழற்றுவதும் நொடியில் முடியும், முடிச்சு என்ற பேச்சே இல்லை. ஆனால் இழுவிசை பாதம் முழுவதும் ஒரே சீராகப் பரவும். விரலுக்குத் தளர்வு, கணுக்காலுக்கு இறுக்கம் என்று பிரித்துவைக்க முடியாது. பூட்டுக்குள் மணல் போனால் வழுக்கும். ஓட்டக்காரர்களுக்கு அருமையான ஏற்பாடு, கோட்டை இறங்குகிறவர்களுக்கு இரண்டாம் தேர்வு.

இன்னொன்று திருகு. நாக்கின்மேலோ பக்கவாட்டிலோ ஒரு வட்டப் பொத்தான், அதை அழுத்தித் திருகினால் மெல்லிய எஃகுக் கம்பி சுற்றிக்கொண்டு ஷூவை இறுக்கும், வெளியே இழுத்தால் ஒரேயடியாகத் தளரும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸ் என்ற பனிச்சறுக்கு ஊரில் கேரி ஹாமர்ஸ்லாக் உருவாக்கிய போவா முறை இது. 2001இல் முதலில் வந்தது ஸ்னோபோர்டு பூட்டுகளில்தான், அதாவது ஒற்றைப் பலகையில் நின்று பனியில் சறுக்குகிறவர்கள் போடும் உயரமான காலணிகளில். அங்கே அதற்குத் தேவை இருந்தது. கை உறைகளைக் கழற்ற முடியாத குளிரில், விறைத்த விரல்களால், தடித்த பூட்டின் லேஸை இழுத்துக் கட்டுவது பெரும்பாடு. திருகைக் கையுறையோடே திருப்பலாம்.

சேறும் கல்லும் நிறைந்த மழைமலையில் நிலைமை வேறு. திருகின் பல்லிடுக்கில் மண் புகும், பாறையில் உரசினால் பொத்தான் கழன்றுவரலாம், கம்பி அறுந்தால் அங்கேயே சரிசெய்ய வழியில்லை. மாற்றுப் பாகம் நிறுவனத்திடமிருந்து வரவழைத்துப் பொருத்த வேண்டும். சாதாரண லேஸ் அறுந்தால் முடிச்சுப் போட்டுத் தொடரலாம். கூடாரக் கயிற்றைக்கூட வெட்டிக் கோர்க்கலாம். துளையின் உலோக வளையம் பிய்ந்தால் தாராவியின் 90 அடி ரோட்டுப் பக்கம் பையும் பெல்ட்டும் செய்யும் தோல் பட்டறைகளில் புதிய வளையம் அடித்துத் தர ஆள் இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கமிருந்து தோல் பதனிட வந்த குடும்பங்கள் தலைமுறைகளாக வளர்த்த தொழில் அது. ஊருக்குள் பழுதுபார்க்க முடிகிற ஒன்றையே மலைக்குக் கொண்டுபோவது என்று முடிவெடுத்தால், சஹ்யாத்ரிக்குக் கொக்கி வைத்த சாதாரண லேஸே முதல் தேர்வு. குனிந்து கட்ட முடியாதவர்கள், விரல் மூட்டில் வாதம் உள்ளவர்கள் மட்டும் விதிவிலக்கு. அவர்களுக்குத் திருகு பெரிய வரம்.

குளிர்காலத்தில் குல்மர்க் போகிறவர்களுக்கு இந்தத் தீர்ப்பு தலைகீழ். காஷ்மீரின் அந்த ஊர் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்குள்ள கோண்டோலா ரோப்காரின் இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையில் ஏறக்குறைய 3,950 மீட்டர் வரை ஏற்றிவிடும். ஸ்னோபோர்டு கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்குப் பூட்டு வாடகைக்குக் கிடைக்கும். முதல் தடவைக்கு அதுவே போதும், ஆனால் பொருத்தம் பார்த்து எடுக்க வேண்டும். ஸ்னோபோர்டில் திரும்புவது விரல் பக்கமும் குதிகால் பக்கமும் மாறிமாறி எடையைச் சாய்த்துத்தான். உள்ளே குதிகால் எழும்பினால் உடல் சாய்ந்த பிறகுதான் பலகை சாயும், அதற்குள் விழுந்திருப்பார்கள். எனவே பூட்டைக் கட்டி நேராக நிற்கையில் விரல் முனையை லேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் பின்வாங்க வேண்டும். உள்ளுறை நாளடைவில் அமுங்கி இடம் விடும் என்பதால், புதிதாக வாங்கும்போது சற்றுக் கச்சிதமாக இருப்பதே சரி. அளவு பாத நீளத்தைச் சென்டிமீட்டரில் சொல்லும் மாண்டோபாயிண்ட் எண்ணில் இருக்கும். சுவரில் குதிகாலை ஒட்டி நின்று அளந்து வைத்துக்கொண்டு போனால் எந்த நாட்டு எண்ணோடும் போராட வேண்டியதில்லை. விறைப்பு குறைந்த, மென்மையான பூட்டே கற்றுக்குட்டிக்கு ஏற்றது.

ஸ்னோபோர்டு பூட்டிலும் லேஸ் மூன்று வகை. சாதாரண லேஸில் ஒவ்வோர் இடத்தையும் விருப்பப்படி இறுக்கலாம், ஆனால் குளிரில் கை விறைக்கும். மேலும் கீழும் தனித்தனிக் கைப்பிடி கொண்ட இழுப்புக் கயிறு வேகமானது, இரண்டு பகுதியாகப் பிரித்தும் இறுக்கலாம். ஆனால் மதியத்துக்குள் சற்றுத் தளரும். திருகு எல்லாவற்றிலும் வேகம். ஒற்றைத் திருகு வைத்தது முழுப் பூட்டையும் சேர்த்தே இறுக்குவதால் மேல்பாதம் அழுந்தும். இரட்டைத் திருகு வைத்தால் குதிகாலைத் தனியே பூட்டலாம், விலை கூடும். பனிக்கு இரட்டைத் திருகே சிறந்தது. பர்ட்டன் நிறுவனம் 2017இல் கொண்டுவந்த ஸ்டெப் ஆன் வகைப் பூட்டு வார் இல்லாமல் மிதித்தவுடன் பலகையில் பூட்டிக்கொள்ளும். அதற்கு அதே வகைப் பிணைப்பு பலகையிலும் இருந்தாக வேண்டும். வாடகைக் கடையில் இரண்டையும் சேர்த்துக் கேட்காமல் பூட்டை மட்டும் வாங்கிப் போகிறவர் திரும்பி வர நேரிடும்.

மலையிலிருந்து திரும்பியபின் ஷூவைப் பார்த்துக்கொள்வதும் வாங்குவதில் பாதி. பலத்த மழையில் குர்லா, சுனாபட்டி பகுதித் தண்டவாளம் மூழ்குவது புதிதல்ல. அப்போது தேங்கிய நீரில் நடந்தே வீடு வர வேண்டியிருக்கும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபின் நகரில் எலிக்காய்ச்சல் பரவியது. எலி சிறுநீர் கலந்த நீர் காலில் உள்ள சிறு புண் வழியாக உடலுக்குள் போவதால் வரும் நோய் அது. மலையில் உரசிக் கொப்புளம் கண்ட காலோடு அந்த நீரில் நடந்தவர் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. கொப்புளமே வராமல் தடுப்பதும் சரியாகக் கட்டிய லேஸின் வேலைதான்.

கழுவிய ஷூவில் இன்சோலையும் லேஸையும் கழற்றிவிட்டு உள்ளே பழைய தினத்தாளைத் திணித்து மின்விசிறிக்கு அடியில் வைக்கலாம். ஈரத்தாளைச் சில மணி நேரத்துக்கொருமுறை மாற்ற வேண்டும். அடுப்பருகிலும் இஸ்திரிப் பெட்டி வைத்தும் காயவைத்தால் சோலை ஒட்டிய பசை விட்டுப்போகும். தோல் ஷூவாக இருந்தால் மும்பை ஈரத்தில் ஒரே வாரத்தில் பூசணம் பிடிக்கும்.

நடுச்சோல் பாலியூரித்தேனால் ஆனதா என்றும் கேட்டு வாங்க வேண்டும். மெத்தென்று நீடித்து உழைக்கும் பொருள், ஆனால் காற்றிலுள்ள ஈரத்தில் அது மெல்ல உடைகிறது. போடாமல் பெட்டியில் நாலைந்து ஆண்டு கிடந்தாலும் ஒருநாள் நடுமலையில் பிஸ்கட் போல் உதிரும். ஆகவே தள்ளுபடியில் கிடைக்கும் பழைய சரக்கை எடுக்கும்முன் பெட்டியின் விலைச்சீட்டில் அச்சடித்திருக்கும் தயாரிப்பு மாதத்தையும் ஆண்டையும் பார்க்க வேண்டும். ஈவிஏ நுரை வைத்தது இப்படி உதிராது, நாளடைவில் அமுங்கிப்போகும்.

சீசனுக்கு முன், மே மாதத்தில், ஷூவை எடுத்து வளைத்துப் பார்ப்பது அவசியம். விரல் முனையில் சோல் சிறிது வாய்திறந்திருந்தாலும் பசை போட்டு நிறுத்தாமல், ரயில் நிலையத்துக்கு வெளியே உட்காரும் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துச் சுற்றிலும் மெழுகு நூலால் தைத்துவிடச் சொல்ல வேண்டும். வலைத்துணி ஷூவுக்கு இந்தத் தையல் பெரிய பலம். சவ்வு வைத்ததில் மட்டும் ஊசி போகும் இடமெல்லாம் நீர் ஒழுகும். அதைத் தைக்கக் கொடுப்பவர் தண்ணீர் புகாத தன்மையை மறந்துவிட வேண்டியதுதான். பிசிறிய லேஸையும் அப்போதே மாற்றி, கொக்கிகள் வளைந்திருந்தால் இடுக்கியால் நிமிர்த்திக்கொள்ளலாம். ஜூன் பிறந்து முதல் மழை விழுந்தபின் செருப்புத் தைப்பவர் முன்னால் பழுதான குடைகளும் செருப்புகளும் குவிந்துவிடும், ஷூ திரும்பக் கிடைக்க ஒரு வாரம் ஆகும்.